தடித்த பிளைவுட்டில் தமிழெழுத்து அறுக்க எந்த பிளேடு?



நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மர எழுத்துகள் செய்து கொடுத்த நாள் முதல் அன்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "சார், நாங்களும் ஸ்க்ரோல் சா மெஷின் வாங்கிவிட்டோம். 4 மி.மீ. பலகையை மரச்சீனிக் கிழங்கு நறுக்குவது போல நறுக்குகிறது. 18 மி.மீ. பிளைவுட்டை வைத்தால் மட்டும் புகைகிறது, பிளேடு ஒடிகிறது, கோடு தப்புகிறது. மெஷின் சரியில்லையோ?" என்கிறார்கள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடத்திலும் கோணல் இல்லை, ஆடுபவரிடமும் குறை இல்லை. பிளேடுதான் பலகைக்குப் பொருந்தவில்லை. தச்சுத் தொழில் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தப் பொருத்தத்தை இங்கே பாடமாக எழுதுகிறேன்.

மர எழுத்து எதற்காக?

நான் குடியிருப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட செங்கல் கிராமம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாட்டியோடு தமிழில் சண்டை போடுவார்கள். ஆனால் களியக்காவிளையில் போய் நின்றால் எது மார்த்தாண்டம் பஸ், எது நாகர்கோவில் பஸ் என்று பலகையைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. பள்ளியில் படிப்பது மலையாளம்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. 'ழ'வும் 'ற'வும் 'ள'வும் மலையாளத்திலும் இருக்கின்றன. ஆகவே நம் பிள்ளைகளின் நாவுக்குத் தமிழ் ஒலி புதிதல்ல. குறை கண்ணுக்கும் கைக்கும்தான். எழுத்தின் வடிவத்தைக் கையால் தடவி, எடுத்து வைத்து, கலைத்து விளையாடினால் அந்தக் குறை தீரும்.

இது புது யோசனை அல்ல. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விற்றார். படத்துண்டுகளைச் சேர்த்து விளையாடும் புதிர் விளையாட்டு வளர்ந்தது அதிலிருந்துதான். தனித்தனி எழுத்துகளைக் கையில் கொடுத்துச் சொல் அமைக்கக் கற்பித்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

ஏன் தடித்த பலகை? 4 மி.மீ. பலகையில் அறுத்த 'ர' ஒரு வாரம் தாங்காது. கால் ஒடிந்துவிடும். 18 மி.மீ. பலகையில் அறுத்தால் 'ப'வும் 'ட'வும் தாமாகவே மேசைமேல் நிற்கும். சின்னக் கைக்குப் பிடிக்கவும் வசதி. கீழே விழுந்தாலும் கவலையில்லை.

பிளைவுட்டின் குணம்

பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாட்டைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. அது முழுமரத்தில் செய்த உளி வேலை. இழை ஓடும் திசையைப் பார்த்து ஆசாரி உளியைத் திருப்புவார். பிளைவுட்டில் அந்தச் சலுகை கிடையாது. மெல்லிய மர ஏடுகளை ஒன்றின் இழைக்குக் குறுக்காக இன்னொன்று வரும்படி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கிப் பசையிட்டு, சூட்டில் அழுத்திச் செய்வது அது. ஆகவே பிளேடு ஒரே நேரத்தில் ஓர் ஏட்டை இழையோடும் அடுத்த ஏட்டை இழைக்குக் குறுக்கேயும் அறுக்கிறது. இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் பசை இருக்கிறது. காய்ந்து இறுகிய அந்தப் பசை மரத்தைவிடக் கடினமானது. பிளேடின் பல்லை முதலில் மழுக்குவது அதுதான். பலகை தடிக்கத் தடிக்கப் பசை அடுக்கும் கூடுகிறது.

கேரளத்தில் பிளைவுட் ஆலைகள் நிறைந்த ஊர் எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூர். ரப்பர் மரம் உள்ளே வைத்த பலகைகள் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது ஐ.எஸ். 303 அல்லது ஐ.எஸ். 710 முத்திரையைப் பாருங்கள். முன்னது பொது உபயோகத்துக்கு, பின்னது தண்ணீரைத் தாங்கும் மெரைன் பலகை. முத்திரையோடு பலகையின் விளிம்பையும் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் வேண்டாம். சந்தில் பிளேடு துள்ளும், அந்த இடத்தில் எழுத்தின் கால் பலவீனப்படும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளலான இடம் வேறு ஓசை தரும்.

பிளேடை அறிய ஐந்து செய்திகள்

1. முனை. ஸ்க்ரோல் சா பிளேடு பொதுவாக 5 அங்குல நீளம், அதாவது 127 மி.மீ. இதில் இரண்டு ஜாதி. முனைகளில் குறுக்கு ஊசி உள்ளது ஒன்று, ஊசி இல்லாத வெறும் முனை மற்றொன்று. ஊசி பிளேடு மாட்டுவதற்கு எளிது. ஆனால் எழுத்தின் சுழிக்குள் அதை நுழைக்க 4, 5 மி.மீ. துளை வேண்டும். வெறும் முனைக்கு 2 மி.மீ. துளை போதும். அ, உ, ல, ள, ண, ன என்று தமிழெழுத்துகள் பலவற்றில் மூடிய சுழி உண்டு. ஆகையால் நமக்கு வேண்டியது வெறும் முனை பிளேடு. சில இயந்திரங்கள் ஊசி பிளேடை மட்டுமே ஏற்கும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. எண். எண் கூடக் கூட பிளேடு அகலமாகும், பற்கள் பெரிதாகி எண்ணிக்கையில் குறையும். எண் 2 பிளேடின் அகலம் சுமார் 0.75 மி.மீ., அங்குலத்துக்கு 20 பல் வரை. எண் 5 சுமார் 1 மி.மீ., 12 அல்லது 13 பல். எண் 7 சுமார் 1.15 மி.மீ., எண் 9 சுமார் 1.35 மி.மீ.; இவற்றுக்கு 11, 12 பல். எண் 12 சுமார் 1.6 மி.மீ., 9 அல்லது 10 பல். தயாரிப்பாளருக்கு ஏற்ப இவை சற்று மாறும்.

3. பல் இடைவெளி. ஒரு பல் விட்டு ஒரு பல் வைத்தது 'ஸ்கிப் டூத்'. இரண்டு பல், பிறகு ஓர் இடைவெளி என்பது 'டபிள் ஸ்கிப்'. இந்த இடைவெளி வீண் அல்ல. அறுத்த தூள் வெளியே வரும் வழி அது. சாதாரண இயந்திரத்தில் பிளேடு மேலும் கீழும் போய்வரும் தூரம் சுமார் 20 மி.மீ. 18 மி.மீ. பலகைக்குள் ஒரு பல் நுழைந்து வெளியேற அவ்வளவு தூரமும் தேவைப்படுகிறது. அதுவரை அது வழித்த தூள் முழுவதும் பல்லிடுக்கில்தான் தங்க வேண்டும். எண் 2 பிளேடானால் 18 மி.மீ.க்குள் ஒரே நேரத்தில் 14 பல் மரத்தில் இருக்கும். இடுக்கு சிறிதாகையால் தூள் அடைத்து, உராய்ந்து, சூடேறுகிறது. புகை வந்த காரணம் இதுதான். எண் 5 பிளேடானால் மரத்துக்குள் 9 பல்தான் இருக்கும், இடுக்கும் பெரிது.

4. தலைகீழ்ப் பல். பிளேடின் பல் கீழ்நோக்கி வெட்டுவதால் பலகையின் அடி ஏடு பிய்ந்து சிராய் நிற்கும். குழந்தை தடவப் போகும் எழுத்தில் அது ஆகாது. அடிப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் 'ரிவர்ஸ் டூத்' பிளேடு இதற்குப் பரிகாரம். பிளேடு முழுதும் மேலே ஏறி நிற்கும்போது இரண்டு மூன்று தலைகீழ்ப் பற்கள் மேசை மட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். அதற்கு ஏற்றபடி மாட்டுங்கள். மேசைக்குக் கீழேயே நின்றுவிட்டால் அவற்றால் பயனில்லை.

5. செய்த விதம். பெரும்பாலான பிளேடுகளில் ஒரு பக்க விளிம்பில் பிசிறு நிற்கும். அந்தப் பக்கம் அதிகமாக அறுப்பதால் பிளேடு கோட்டை விட்டு ஒதுங்கும். பலகையைச் சற்றுச் சாய்த்துத் தள்ளினால் சரியாகிவிடும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை வேண்டாத துண்டில் ஒரு நேர்கோடு அறுத்தால் கை கண்டுகொள்ளும். பல்லைச் சாணையில் தீட்டிச் செய்யும் 'கிரவுண்ட் டூத்' பிளேடுக்கு இந்த ஒதுக்கம் குறைவு, விலை கூடுதல்.

சுற்றிலும் பல் உள்ள 'ஸ்பைரல்' பிளேடு எந்தத் திசையிலும் அறுக்கும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் உண்டு. தடித்த பிளைவுட்டில் அது அகலமாகவும் முரடாகவும் அறுக்கும். நம் வேலைக்கு அது வேண்டாம்.

எந்தப் பலகைக்கு எந்த எண்?

இதுவரை சொன்னவற்றின் சாரம் இதுதான்: பலகையின் தடிமன் பிளேடின் எண்ணை மேலே இழுக்கிறது, எழுத்தின் சுழி அதைக் கீழே இழுக்கிறது. தடித்த பலகைக்கு அகலமான பிளேடு வேண்டும். அகலமான பிளேடு சின்னச் சுழியில் திரும்பாது. இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்வதே தேர்வு. கீழ்க்காணும் எண்கள் எல்லாம் ரிவர்ஸ் ஸ்கிப் வகைக்கு உரியவை.

6 மி.மீ. பலகை: எண் 2 அல்லது 3.
12 மி.மீ. பலகை: எண் 5, சுழி மிகச் சிறிதானால் எண் 3.
18, 19 மி.மீ. பலகை: சுழிக்கு எண் 5, வெளிக்கோட்டுக்கு எண் 7.
25 மி.மீ. பலகை: எண் 9, வளைவே இல்லாத நீண்ட கோட்டுக்கு எண் 12.

18 மி.மீ. பலகைக்கு எண் 5-க்குக் கீழே இறங்காதீர்கள். சுழி திரும்பவில்லையென்றால் பிளேடைச் சிறிதாக்குவதைவிட எழுத்தைப் பெரிதாக்குவது மேல். நான் எழுத்தின் உயரத்தை 6 அங்குலமாகவும், கோட்டின் தடிப்பை 18 மி.மீ. ஆகவும், சுழியின் உள்வட்டத்தை 10 மி.மீ.க்குக் குறையாமலும் வைத்துக்கொள்கிறேன். அந்த அளவில் எண் 5 தாராளமாகத் திரும்பும்.

சாலைக்கடையிலோ மார்த்தாண்டத்திலோ ஹார்டுவேர் கடைக்குப் போய், "ஸ்க்ரோல் சா பிளேடு கொடுங்க" என்று மட்டும் கேட்டால் இருப்பதை எடுத்துத் தருவார்கள். ஜிக்சா பிளேடைத் தந்துவிடவும் கூடும். அது பல மில்லிமீட்டர் அகலம், சுழியில் திரும்பாது. ஆகவே "5 அங்குலம், வெறும் முனை, ரிவர்ஸ் ஸ்கிப், எண் 5 ஒரு டஜன், எண் 7 ஒரு டஜன்" என்று தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இயந்திரம் இல்லாத வீட்டில் கைப்பிடி உள்ள ஃப்ரெட் சாவிலும் இதே வெறும் முனை பிளேடு பொருந்தும். பொறுமை இருந்தால் அதில் 12 மி.மீ. வரை அறுக்கலாம்.

அறுக்கும் முறை

எழுத்தைத் தாளில் பெரிதாக நகலெடுத்துப் பலகையில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போன்ற பேக்கிங் டேப்பை ஒட்டுங்கள். டேப் உராய்வைக் குறைப்பதால் மரம் கருகுவது குறையும்.

அடுத்து மேசைக்கும் பிளேடுக்கும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இன்னொரு சோதனையும் செய்யலாம். தடித்த துண்டு ஒன்றில் சிறு கீறல் அறுத்து, துண்டை அரைச்சுற்றுத் திருப்பி, அதே கீறலுக்குள் பிளேடின் முதுகுப் பக்கத்தை நுழையுங்கள். நேராக நுழைந்தால் மேசை சரி. தடித்த பலகையில் இது மிகவும் முக்கியம். அறுப்பு சாய்ந்துவிட்டால் சுழியின் உள்துண்டு ஒரு பக்கமாகத்தான் கழன்று வரும், எழுத்தும் மேசைமேல் நேராக நிற்காது.

பிளேடை முறுக்கிய பின் விரலால் மீட்டிப் பாருங்கள். வீணைத் தந்தி போலக் 'கிண்' என்று ஒலிக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக்கூடாது. தளர்ந்த பிளேடு மரத்துக்குள் வில்லாக வளைந்து, மேலே ஒரு கோடும் கீழே வேறு கோடுமாக அறுக்கும்.

சுழியை முதலில் அறுங்கள், வெளிக்கோட்டைக் கடைசியில் அறுங்கள். வெளியே மரம் இருக்கும்வரைதான் விரலுக்குப் பிடி இருக்கும். சுழிக்குள் 2 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, பிளேடை நுழைத்து, மேல்முனையை மாட்டி, மறுபடியும் முறுக்குங்கள்.

பலகையை நெருக்கித் தள்ளாதீர்கள். பல் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவே கொடுங்கள். நேற்றுத் தானாக நகர்ந்த பலகையை இன்று தள்ள வேண்டியிருந்தால், அல்லது கருகல் வாடை வந்தால், பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்பாவின் ரம்பத்துக்கு அரம் போட்டதுபோல இதற்கு அரம் போட முடியாது. கழற்றி மாற்ற வேண்டியதுதான். என் அனுபவத்தில் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பிளேடு அரைமணி நேரம் நன்றாக உழைத்தால் பெரிது. முழுதாக ஒடியும்வரை ஓட்டுவது சிக்கனம் ஆகாது. மழுங்கிய பிளேடு ஓர் எழுத்தையே பாழாக்கும்.

உடம்பைக் காத்துக்கொள்க

பிளைவுட் பசையில் ஃபார்மால்டிஹைடு சேர்கிறது. அதையும் மரத்தூளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே திறந்த வராந்தாவில் வைத்து அறுங்கள். மூக்குக்கு முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். அறுத்த துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து விளிம்புகளை உருட்டிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். வர்ணம் பூசுவதானால் டப்பாவைப் படித்து வாங்குங்கள். வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்பது 2017 நவம்பர் முதல் இந்தியச் சட்டம்.

எத்தனை துண்டு வேண்டும்?

247 எழுத்தையும் அறுக்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை உயிர்மெய் 18, தனித்து நிற்கும் ா, ெ, ே, ை என்ற குறிகள் 4, ஒரு புள்ளி. மொத்தம் 36 துண்டு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே க, கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று எட்டு வரிசை அமைந்துவிடும். ஔகாரத்துக்கு 'ள' துண்டையே வைத்துக்கொள்ளலாம். எட்டு வரிசையில் 144 உயிர்மெய், புள்ளி வைத்தால் 18 மெய். எழுத்தோடு ஒட்டிவரும் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72-ஐயும் பிறகு நிதானமாக அறுத்துக்கொள்ளலாம்.

ணை, லை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளுக்கு 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இவற்றுக்குத் தனி வடிவம் இருந்தது. பெரியார் பல ஆண்டுகளுக்கு முன்பே தம் பத்திரிகையில் கையாண்ட முறை அது. மர எழுத்து அறுப்பவனுக்கு அந்தச் சீர்திருத்தத்தின் அருமை நன்றாகத் தெரியும். 13 அச்சு மிச்சம்.

36 துண்டுக்கும் சேர்த்து ஒன்பது, பத்துச் சதுர அடிப் பலகை போதும். 8-க்கு 4 அடி முழுப் பலகையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அலமாரி செய்யும் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளே பாதி வேலைக்கு ஆகும்.

இன்று நகரத்தில் சி.என்.சி. இயந்திரத்தில் ஒரே நாளில் வெட்டிக் கொடுக்கிறார்கள். கைபேசியிலும் எழுத்து கற்கச் செயலி உண்டு. அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவோ அம்மாவோ தன் கண்முன்னே அறுத்துத் தேய்த்துக் கொடுத்த எழுத்தைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை என்பதை வகுப்பில் பார்த்து வருகிறேன். உப்புத்தாள் தேய்க்கும் வேலையை அவர்களிடமே விட்டால், தேய்த்து முடிப்பதற்குள் வடிவம் விரலில் ஏறிவிடும்.

முதல் நாள் சுழி நிறைந்த எழுத்துகளில் கை வைக்காதீர்கள். ட, ப, ர மூன்றிலும் உள்துளை கிடையாது. எண் 7 பிளேடு போதும். அடுத்து எண் 5 மாட்டி, ஒரே சுழி உள்ள 'ம' அறுங்கள். 'ட' இரண்டு, 'ம' இரண்டு, 'ப' ஒன்று, 'ர' ஒன்று, புள்ளிக்கு 4 செ.மீ. வட்டம் இரண்டு. சட்டைப் பொத்தான் போலச் சிறிதாக அறுத்தால் கைக்குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், கவனம். இந்த எட்டுத் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்தால் மரம், படம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் அமையும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.